துரையின் பிடரி முடி

துரை என்ற குதிரைக்கு நான்கு தலைமுறைக்கு அப்பன்மார் பேர் தெரியும்; நான்கு பேரும் தடை தாண்டிப் பரிசு வாங்கியவர்கள். லாயத்துக்கு யார் வந்தாலும், தீவனம் இறக்க வந்த லாரிக்காரராகவே இருந்தாலும், முதலாளி அந்த வம்சாவளியை ஒப்பிக்காமல் அனுப்பமாட்டார். "எல்லாம் ரத்தம் சார், ரத்தம்!" என்றுதான் முடிப்பார்.

அவர் மனைவியின் மகள் சேணத்தைத் துடைத்தபடியே வாய்க்குள் சிரித்துக்கொள்வாள். முதலில் அவர் அவளுக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கத்தான் வந்தார். பிறகுதான் அம்மாவைக் கட்டிக்கொண்டார். ஒன்பது வருடமாகியும், அப்போது அவரைக் கூப்பிட்ட 'சார்' அவள் வாயில் மாறவில்லை. ரத்தம் ரத்தம் என்று உயிரை விடுகிற மனிதர் வேறொருவர் மகளான தன்னை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்ததில்லை. கேட்கவும் பயம்.

துரையை இனப்பெருக்கத்துக்கான பொலிகுதிரையாக ஏற்பதற்கு முன்னால் அதன் தாய் தந்தை யாரென்று குதிரை வளர்ப்போர் சங்கத்தின் தேர்வுக் குழு சோதித்துப் பார்க்கும். பிடரியிலிருந்து வேரோடு பிடுங்கிய முப்பது முடி வேண்டும். தேறாவிட்டால் காயடித்துவிட வேண்டியதுதான். வேறு யாரையும் நம்பாமல் முதலாளியே முடியை உறையில் போட்டு அனுப்பினார்.

பதில் வந்தது. முதல் வரியிலேயே 'குறிப்பிட்ட தந்தையோடு பொருந்தவில்லை' என்றிருந்தது. முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. கடிதத்தை மேஜையில் போட்டுவிட்டு லாயத்துக்குள் போனார்.

அவள் பின்னாலேயே போய்த் திறந்திருந்த கதவருகே நின்றாள். துரை அவர் சட்டைப் பையில் கேரட் தேடிக்கொண்டிருந்தது.

"எவனுக்குப் பொறந்தா எனக்கென்னடா?" என்றார் அதனிடம். "லாடம் அடிக்க வந்தப்ப நடுங்குனியே, கட்டிப் பிடிச்சுக்கிட்டது யாரு? வளர்த்தவன் நான். நீ எங்கேயும் போகப்போறதில்ல."

அவளுக்குக் கண் கரித்தது. சத்தமில்லாமல் திரும்பி வந்து கடிதத்தை எடுத்தாள். அதில் இரண்டாவது வரியும் இருந்தது: 'இது பெண் குதிரையின் முடி.'

"சார்! முடிய எங்கேருந்து எடுத்தீங்க?"

"சீப்புலேருந்து."

"பிடுங்கலையா?"

"வலிக்குமேன்னு..."

"அதே சீப்புலதான கிழவிக்கும் சீவுறோம்! ஆம்பளப் பிள்ளையப் பொம்பளையாக்கி அனுப்பியிருக்கீங்க!"

கிழவி என்பது பக்கத்துக் கொட்டடிப் பெண் குதிரை. அதுவும் துரையின் செம்பழுப்பு நிறம்தான்.

இந்த முறை அவளே பிடுங்கினாள். துரை காதைக்கூட அசைக்கவில்லை. முதலாளிதான் ஒவ்வொரு முடிக்கும் 'ஸ்ஸ்' என்றார். பத்து நாளில் வந்த பதிலோடு நான்கு அப்பன்மாரும் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். லாரிக்காரர் அன்று இரண்டு தடவை வம்சாவளி கேட்க வேண்டியதாயிற்று.

குழுவின் முன் குதிரையைப் பிடித்து வருபவருக்கு ஒரு படிவம் இருந்தது. 'உரிமையாளருக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் அவள் 'மகள்' என்று எழுதி அவரிடம் நீட்டினாள்.

அவர் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். "இதையும் சோதிச்சுப் பார்க்கணும்னு சொன்னாங்கன்னா?"

"சொல்லட்டுமே. எவருக்குப் பொறந்தா என்ன, வளர்த்தது நீங்கதான?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஒட்டுக் கேட்டியா?"

"கதவு திறந்துதான் இருந்துச்சு, அப்பா."

அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார், போட வேண்டிய இடத்துக்கு இரண்டு கட்டம் தள்ளி.