காற்றைக் குறைத்தவன்

எரிசால் சுட்ட குண்டு அணிலைத் தவறவிட்டு, ஓலையைத் துளைத்துக்கொண்டு போய், பள்ளிவாசலின் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் பாய்ந்தது. அசர் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்ய வந்து நின்ற மர்லிஸின் பிடரியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

நனைந்தது வேறு யாராவதாக இருந்திருந்தால் பரவாயில்லை. மர்லிஸ் எரிசாலுடைய மனைவியின் தாய்மாமன். பரியாமன் ஊரில் கல்யாணம் செய்துகொள்ளும் ஆண்கள் எல்லாரும் வீட்டோடு மாப்பிள்ளைகள்தான், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த வீட்டில் எடுபடுவது தாய்மாமனின் பேச்சு. எரிசால் அங்கே வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மாமியாரின் தென்னந்தோப்பில் அணில்கள் இளங்காயைக் குடைந்து உதிர்ப்பதைப் பார்த்துவிட்டு, "நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தான். பழைய காற்றுத்துப்பாக்கி ஒன்றையும் வாங்கி வந்தான்.

மர்லிஸ் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "மாப்பிள்ள, அணில் மேல கோவம்னா அணிலச் சுடுங்க. தொட்டி உங்கள என்ன பண்ணிச்சு? ஞாயித்துக்கிழம ஊர்க்காரங்க போற அணில் வேட்டைக்கு நீங்க சாப்பாட்டுப் பையத் தூக்கிட்டு வந்தாப் போதும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எரிசாலும் சிரித்து வைத்தான். அன்றைக்கே தொட்டியின் ஓட்டையை அடைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து துப்பாக்கியின் பின்புறத் திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான். காப்பிக்கடையில் எல்லாரும் சொன்னது அதைத்தான்: பவர் பத்தவில்லை, இறுக்கு. அவனும் இறுக்கிக்கொண்டேதான் வந்தான். ஒவ்வொரு முறையும் சத்தம் கூடியது, குறி கூடவில்லை. பதினைந்து குண்டிலேயே காற்று தீர்ந்துபோய், மறுபடி கைப்பம்பில் அடித்து அடித்துத் தோள்பட்டை கழன்றது.

மறுநாள் மதியம் அவன் அப்படி அடித்துக்கொண்டிருந்தபோது மனைவி தெஸ்னெலி சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் சீருடையோடு வந்தாள். துப்பாக்கியின் அடியில் காற்றழுத்தம் காட்டும் இரண்டு முள் அளவுமானிகள் இருந்தன. குனிந்து பார்த்தாள்.

"ஆஜோ," என்று கணவனை அந்த ஊர் மரியாதையோடு கூப்பிட்டாள், "இது எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு உருளையில இருக்கற காத்து. இன்னொண்ணு ரெகுலேட்டர் தாண்டி வர்ற காத்து. இது எப்பவும் நூத்தம்பதுலயே நிக்கும்."

"எங்க ஆக்சிஜன் சிலிண்டர் மாதிரி. உள்ள எவ்வளவு இருந்தாலும் வெளிய வர்றது ஒரே அளவு. அப்ப பின்னாடி திருகறது என்ன செய்யுது?"

"சுத்தியலோட ஸ்பிரிங்க இறுக்கும். அது வால்வ ஓங்கி அடிக்கும்."

"அடிச்சா வால்வு இன்னும் கொஞ்சம் நேரம் திறந்திருக்கும். அவ்வளவுதான? குண்டு குழாய விட்டுப் போனப்புறமும் திறந்திருந்தா, காத்து யாரத் தள்ளும்?"

எரிசால் பம்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினான்.

ஊர் வேட்டைக் குழுவிடமிருந்து, குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி ஒன்றை இரவல் வாங்கி வந்தான். தோப்பின் ஓரத்தில், மண்மேட்டுக்கு எதிரே துப்பாக்கியை மணல் மூட்டையில் வைத்துச் சுட்டான். தெஸ்னெலி மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். வினாடிக்கு முந்நூற்றொரு மீட்டர். திருகை ஒரு சுற்றுத் தளர்த்தினான்: முந்நூற்றிரண்டு. இன்னொரு சுற்று: முந்நூற்று மூன்று. நாலாவது சுற்றுக்கும் எண் அசையவில்லை. ஐந்தாவதில்தான் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றுக்கு இறங்கியது.

"நீங்க நாலு சுத்து இறுக்கினது வெறும் சத்தத்துக்கு," என்றாள் அவள்.

முப்பது மீட்டரில் அட்டையை வைத்துச் சுட்டுப் பார்த்தான். காற்று மிச்சமானது, ஆனால் ஓட்டைகள் சோற்றுத்தட்டு அகலத்துக்குச் சிதறித்தான் விழுந்தன. குண்டு லேசானது. அந்த வேகத்தில் வழியிலேயே தள்ளாடுகிறது என்று அவனுக்கே பட்டது. ரெகுலேட்டரின் அளவையே குறைக்க வேண்டும்.

"குறைக்கறதா?" என்று தனக்குள் கேட்பது போலச் சொன்னான். "பவரக் குறைச்சிட்டேன்னு தெரிஞ்சா உங்க மாமா என்னைத் தோப்புப் பக்கமே விடமாட்டாரு."

"அவருகிட்ட ஏன் சொல்றீங்க? அணில் மண்டைக்குக் குறைச்ச பவரே ஜாஸ்தி. பேசாம செய்ங்க."

காற்று முழுவதையும் வெளியேற்றிவிட்டு, குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த சின்னத் திருகைக் கால் சுற்றுத் திருப்பினான். மறுபடி பூட்டிக் காற்றடித்தபோது முள் நூற்றெழுபதுக்கு ஏறியது. தப்பான பக்கம் திருப்பியிருந்தான். எரிசால் பம்பின் மேல் நெற்றியைச் சாய்த்தான். தெஸ்னெலி உள்ளே போய், இரண்டு கப் காப்பியோடும் தட்டு நிறையச் சூடாகப் பொரித்த சாலா மாவுருண்டைகளோடும் வந்தாள்.

"நானும்தான் மொத நாள் சிலிண்டர் வால்வ எதிர்ப்பக்கம் திருகினேன். ஒரு பெரியவரு மூச்சுக்குத் தவிக்கறாரு, நான் மூடிக்கிட்டே இருக்கேன். ஒரு நிமிஷத்துல சரி பண்ணிட்டேன். அவரு பொழச்சு இப்பவும் என்னைப் பாத்துச் சிரிக்கறாரு. சாப்பிட்டுட்டுக் கழட்டுங்க."

இரண்டாம் முறை முள் நூற்றிருபதில் வந்து நின்றது. பத்து குண்டு சுட்ட பிறகும் அங்கேயே நின்றது. ஸ்பிரிங்கைத் திரும்பவும் ஒவ்வொரு சுற்றாகப் பார்த்து, வேகம் லேசாக இறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினான். இருநூற்று அறுபத்திரண்டு, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. அட்டையை எடுத்து வந்து பார்த்தார்கள். ஐந்து குண்டும் ஒரு கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கியிருந்தன. எரிசால் அந்த அட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான், கீழே வைத்தான், மறுபடி எடுத்துப் பார்த்தான்.

ஞாயிறு காலை சாப்பாட்டுப் பையையும் தூக்கிக்கொண்டான், துப்பாக்கியையும் மாட்டிக்கொண்டான். முதல் அணில் அவனுக்கு நேரே வந்து குந்தியது. அவன் சுடவில்லை.

"என்ன மாப்பிள்ள, அது வந்து மடியில உக்காரணுமா?" என்றார் மர்லிஸ்.

"பின்னாடி வீட்டுக்கூரை இருக்கு மாமா."

மர்லிஸ் எட்டிப் பார்த்தார். ஆமாம், இருந்தது.

அடுத்தது, பின்னால் வெறும் வானம் மட்டும் தெரிய, தென்னை மட்டையில் வந்து குந்தியது. சின்னதாக ஒரு சத்தம். அணில் பொத்தென்று விழுந்தது. நடுப்பகலுக்குள் எரிசால் எட்டு முறை சுட்டு ஆறு வீழ்த்தினான். மர்லிஸின் துப்பாக்கியில் இதற்குள் இரண்டு தடவை காற்றுத் தீர்ந்துவிட்டது. அவர் பம்பை விட்டு நிமிர்ந்து, மருமகனுடைய முள்ளைக் கடைக்கண்ணால் பார்த்தார். பாதிக்கு மேல் நின்றது.

திங்கட்கிழமை பிற்பகல் வாசலில் மர்லிஸ் நின்றார். கைலித் துணியில் சுற்றிய துப்பாக்கி கையில் இருந்தது.

"இதையும் கொஞ்சம் பாருங்களேன். என்ன பண்ணீங்கன்னு கேக்கல."

"குறைச்சேன் மாமா," என்றான் எரிசால். சொல்லி முடித்தபோது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, குரல் தாழவில்லை. "நெலி வரட்டும். வேகத்தோட எண்ணக் குறிச்சுப் பாக்கறது அவதான்."

"அவளா?" மர்லிஸ் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். "சரி. வர்றவரைக்கும் காப்பி இருக்கா?"