கூடி வந்த சார்ஜ்

"அறுபத்திரண்டு சதவீதம் சார்ஜோட மலையிலிருந்து கிளம்பினேன் மாப்ள. நாலு நடை கல் இறக்கிட்டு மேலே வந்தேன். இப்ப பாரு, அறுபத்தாறு! நடுவுல ஒரு பிளக்கைக்கூட நான் தொடல."

இதைச் சொன்னவர் ஒரு மின்சார வண்டிக் கம்பெனியின் முதலாளி. கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, பதினோரு ஆட்கள், இதுவரை விற்ற மூன்று சக்கர சரக்கு வண்டிகள் ஏழே ஏழு. முதலாளிக்குப் பட்டப்பெயர் டமாரம். அவர் மெதுவாகப் பேசினாலே மூன்று தெரு தள்ளித் தொட்டிலில் தூங்கும் பிள்ளை எழுந்து உட்கார்ந்துகொள்ளும். உடம்போ தீக்குச்சி. அந்தக் குச்சிக்குள் இவ்வளவு சத்தம் எங்கே குடியிருக்கிறது என்று வைத்தியர்களே கைவிட்டுவிட்டார்கள்.

கேட்டுக்கொண்டிருந்தவர் பேட்டரிக்காரர், டமாரத்தின் தங்கையைக் கட்டியவர். மீட்டர் வைத்துப் பார்க்காமல் பொழுது விடிந்ததையே ஒப்புக்கொள்ளாத ஆள்.

"சாப்பிடச் சாப்பிடப் பசி ஏறுமா மச்சான்? இறக்கத்துல பிரேக் பிடிச்சா கொஞ்சம் கரண்ட் திரும்பி வரும், அதை வச்சதே நான்தான். போனதைவிட அதிகமா எப்படி வரும்? மீட்டர் புட்டுக்கிச்சு. கழட்டு."

கழற்றினார்கள். மீட்டர் நன்றாகவே இருந்தது. மாட்டினார்கள். நம்பிக்கை வராமல் மறுபடி கழற்றினார்கள்.

விளையாட்டாகவே விட்டிருக்கலாம். ஆனால் மலைமேல் கல் பட்டறை வைத்திருக்கும் அம்மா விடவில்லை.

"டமாரம் சொல்றதை என் பட்டறை நாய்கூட நம்பாது. பேட்டரிக்காரர் சோதிச்சுக் கையெழுத்துப் போடட்டும், இருபது வண்டி எடுக்கறேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான். அதுக்கப்புறம் டீசல் வண்டிக்காரனுக்குச் சொல்லிடுவேன்."

இந்த இருபது வராவிட்டால் மாதக் கடைசியில் கொட்டகைக்குப் பூட்டு. பதினோரு பேரும் வீட்டுக்கு. அதற்காகப் பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுத பேட்டரிக்காரருக்குக் கை வராது.

ராத்திரி கொட்டகைக்குப் போய் வந்ததில் சார்ஜ் பழையபடி அறுபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. மறுநாள் காலை அவரே வண்டியில் ஏறி உட்கார்ந்தார். டமாரம் ஓட்டினார். கல்லோடு இறங்கி, காலி வண்டியாக ஏறி வந்தார்கள். அறுபத்திரண்டு அறுபத்தொன்றாகியிருந்தது.

"பார்த்தியா மச்சான்?"

டமாரம் அவரைக் கீழே இறக்கிவிட்டார். கோபத்தில் தனியாக ஒரு நடை போய் வந்தார். அறுபத்திரண்டு!

சேர்ந்து போனார்கள், அறுபத்தொன்று. தனியாக விட்டார், அறுபத்திரண்டு. மச்சான் எங்கோ சார்ஜரை ஒளித்து வைத்திருக்கிறார் என்று பேட்டரிக்காரர் வழியிலிருந்த புதர்களை எல்லாம் கலைத்துப் பார்த்தார். ஓணான்கள் குடும்பத்தோடு வேறு மலைக்குக் குடிபெயர்ந்தன. பிளக் செருகும் வாயை டேப்பால் ஒட்டி, டேப்பின் மேல் தன் கையெழுத்தையும் போட்டுத் தனியாக அனுப்பினார். டேப் அப்படியே வந்தது. சார்ஜ் கூடித்தான் வந்தது. பேட்டரிக்காரருக்குத் தான் யார் என்பதே சந்தேகமாகி, சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து ஒருமுறை படித்துக்கொண்டார்.

"வண்டிக்கு உன்னைக் கண்டா கூச்சம் மாப்ள," என்றார் டமாரம். அவருக்கும் காரணம் தெரியவில்லை.

பொழுது சாயத் தொடங்கியது. கடைசி நடைக்கு இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். அடிவாரத்தில் சரக்கைச் சரிபார்த்து இறக்குவது பேட்டரிக்காரரின் மனைவி. கல் இறங்க இறங்க, நசுங்கிக் கிடந்த ஸ்பிரிங்குகள் அப்பாடா என்று நிமிர்ந்தன. பேட்டரிக்காரர் ஏறி உட்கார்ந்தார். ஸ்பிரிங்குகள் மறுபடி முனகிக்கொண்டு படுத்தன.

மனைவி சிரித்துவிட்டாள். "எல்லாத்தையும் இறக்கியாச்சு, ஒரு மூட்டை மட்டும் திரும்பி ஏறிக்குது பாருங்க அண்ணா!"

பேட்டரிக்காரர் ஒரு காலைத் தரையில் வைத்தபடியே உறைந்துபோனார். அப்புறம் பென்சிலை எடுத்து உள்ளங்கையில் கணக்குப் போட்டார்.

"மச்சான், இறங்கும்போது அறுநூறு கிலோ கல்லு. அந்தக் கனம்தான் வண்டியைக் கீழே தள்ளுது, பிரேக்குல அவ்வளவு கரண்ட் வருது. ஏறும்போது காலி வண்டி, மேல நீ ஒரு குச்சி. செலவு கம்மி. வர்றதுல மிச்சம் நிக்குது."

"அப்ப ஏன் குறைஞ்சுது?"

"மிச்சத்தை நான் உட்கார்ந்தே தின்னுட்டேன்." இறங்கிக்கொண்டார். "நீ போ. நான் நடந்து வரேன்."

மூன்று கிலோமீட்டர் ஏற்றம். அவர் சிந்திய வியர்வையில் அந்த மலைக்கு அந்த வருஷம் மழையே தேவைப்படவில்லை. உச்சிக்கு வந்தபோது கல் பட்டறை அம்மா தாளோடு நின்றிருந்தார். டமாரம் வண்டியிலிருந்து பத்தடி தள்ளி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார், யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாதென்று.

பேட்டரிக்காரர் டேப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார்: இறங்கும்முன் அறுபத்து மூன்று, இப்போது அறுபத்தைந்து. தன் சொந்த மீட்டரை மூன்று தடவை வைத்துப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"என்னங்க, சொல்லுங்க," என்றார் அந்த அம்மா.

"தாளைக் குடுங்கம்மா." முட்டியில் வைத்துக் கையெழுத்திட்டார். "மச்சான் சொன்னது நிஜம். போனதைவிடக் கூடத்தான் வந்திருக்கு."