மெஷினுக்கு மூடி எங்கே?

பழைய மில்லில் எங்களை வேலை வாங்கிய மாஸ்டரின் காப்பிக் கப்பைக் கண்ணாடிச் சுவரைப் பார்த்த நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். பதினோரு மணிக் கூட்டத்தில் சர்க்கரை இல்லாத காப்பி அவனுக்கு மட்டும்தான். கப் இருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்தாக வேண்டும். போன வாரமே எலெக்ட்ரீஷியனை அதே நாற்காலியில் உட்காரவைத்து, வெளியே நின்று பார்த்துவிட்டேன். முகத்தில் நிழல் விழவில்லை. வாய் பளிச்சென்று தெரிந்தது. "என்னக்கா, எனக்குப் பொண்ணு பாக்குறியா?" என்று கேட்டான் அந்த வெட்டிப்பயல். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இந்த அறை இருக்கும் இடத்தில்தான் முன்பு பஞ்சைச் சிக்கெடுக்கும் கூடம் இருந்தது. மில்லை மூடி, மெஷின்களை எடைக்குப் போட்டு, செங்கல் சுவரை மட்டும் கழுவி அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே கண்ணாடியாக இழைத்து ஆபீஸ் ஆக்கிவிட்டார்கள். நான் நூல் பிடித்த கையால் இப்போது கண்ணாடி துடைக்கிறேன். பழசுக்கு ஞாபகமாக ஒரே ஒரு மெஷினை விட்டுவைத்திருக்கிறார்கள். கறுப்புப் பெயின்ட் அடித்து, சுற்றிலும் கயிறு கட்டி, வாசல் கூடத்தில் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாம் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எத்தனையோ மெஷின் இருக்க, ஏழாம் நம்பரைத்தானா விட்டுவைக்க வேண்டும்? என் அக்காவின் வலது கை மணிக்கட்டோடு போனது அதில்தான்.

மில்லுக்குள் காது எதற்கும் உதவாது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் எல்லாரும் வாயைப் பார்த்துப் பேசப் பழகியிருந்தோம். கூடத்தின் அந்தக் கோடியில் இருப்பவள் உதட்டை அசைத்தால் இந்தக் கோடியில் நான் சிரிப்பேன். சண்டையும் அப்படித்தான். கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம், அவ்வளவுதான், எதிராளி என்ன கத்தினாலும் போய்ச் சேராது. அதற்கு 'கதவைச் சாத்துறது' என்று பெயர். இரைச்சல் தின்று தின்று அக்காவுக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை. அவளுக்கு வீட்டிலும் அதே பாஷைதான்.

ஓடுகிற மெஷினின் மூடியைத் துடைக்கும்போது யாரும் கையைப் பார்ப்பதில்லை. கண் பேச்சில் இருக்கும், கை தன்பாட்டுக்குத் துடைக்கும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, அக்கா அந்தக் கோடியிலிருந்து என்னைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்று உதட்டை அசைத்தாள். அவள் கை துடைக்கப் போனது. அங்கே மூடி இல்லை. பஞ்சு சிக்கும்போதெல்லாம் நிறுத்திக் கழற்றி மாட்டுகிற நேரம் வீண் என்று மாஸ்டர் அன்று காலைதான் அதை எடுத்துவைக்கச் சொல்லியிருந்தான். அவளுக்கு மயக்கம் தெளிவதற்குள் மூடி பழையபடி ஏறிவிட்டது. வேலை நேரத்தில் பராக்குப் பார்த்து, அவளே மூடியைத் திறந்து கையை விட்டாள் என்று ஒரு காகிதமும் தயாராகிவிட்டது.

அந்தக் காகிதத்தில் மூன்று சாட்சிக் கையெழுத்து. மூன்றாவது என்னுடையது. போடாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான். வீட்டில் ஒரு வேலை போயாகிவிட்டது, இன்னொன்றும் போனால் என்ன செய்வது என்று போட்டேன். அக்காவுக்கு இது தெரியாது. அவளுக்கு அந்த நிமிஷம் ஞாபகமும் இல்லை. எல்லாரும் சொன்னதை நம்பினாள். அன்றிலிருந்து அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பாள். பேரக் குழந்தையைத் தூக்கச் சொன்னால் "வேண்டாம்டி, நான் பராக்குப் பாக்குறவ" என்பாள். ஒவ்வொரு தடவை அவள் அப்படிச் சொல்லும்போதும் எனக்கு அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருக்கும். என்னுடையதை யார் நெரிப்பது என்று நான் யோசித்ததில்லை.

அவன் இங்கே ஆலோசகராக வந்து சேர்ந்தான். மில்லின் சரித்திரத்தைச் சொல்ல ஆள் வேண்டுமாம். முதல் நாள் காப்பி கொடுத்தபோது, "புதுசாம்மா நீ? எந்த ஊரு?" என்று என்னையே கேட்டான். பதினோரு வருஷம் அவன் கண் முன்னால் நின்றவள் நான். ஆனாலும் ஒரு நிம்மதி வந்தது. என் முகத்தையே மறந்தவனுக்கு என் கையெழுத்தா ஞாபகம் இருக்கப்போகிறது?

மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டப்போகும் பலகைக்கு விஷயம் சேகரித்துக்கொண்டிருந்த டிசைனர் பெண்ணிடம் மெதுவாகத் திரியைக் கொளுத்தினேன்.

"ஏம்மா, இந்த மெஷினுக்கு மேல ஒரு மூடி இருக்குமே, எங்க போச்சு?"

"மூடியா? எனக்குத் தெரியாதேக்கா."

"மாஸ்டரைக் கேளு. அவருக்குத்தான் தெரியும். எல்லாரும் இருக்கறப்ப கேளு, பெருமையா சொல்வாரு."

அவள் எதையும் ஃபோனில் பதிவுசெய்துகொள்கிற பெண். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையைப் பேசவைத்தால் போதும் எனக்கு.

அக்காவைக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. "அந்த எழவை நான் எதுக்குடி பாக்கணும்?" என்றாள். "மெஷினைப் பாக்க வேண்டாம், ஒரு ஆளு பேசுறதைப் பாரு" என்று இழுத்துக்கொண்டு வந்தேன். பதினொன்றே காலுக்குக் கண்ணாடி அறைக்கு வெளியே, மெஷினை ஒட்டி இரண்டு பேரும் நின்றோம். உள்ளே அவன் தன் கப்புக்கு முன்னால் நான் நினைத்தபடியே உட்கார்ந்திருந்தான். டிசைனர் பெண்ணின் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் எங்கள் பக்கம் இருந்த மெஷினைக் காட்டி ஏதோ கேட்டாள். மாஸ்டர் சிரித்தான்.

"மூடியா? அதை நான்தாம்மா கழட்டச் சொன்னேன். அது இருந்தா வேலை ஓடாது. அன்னைக்குன்னு பாத்து ஒரு பொம்பளை கையை விட்டுட்டா."

அவன் உதட்டில் ஒரு வார்த்தை பிசகவில்லை. அக்கா கண் இமைக்காமல் அவன் வாயைப் பார்த்தாள்.

"அப்புறம் என்ன? மத்தியானமே மூடியை மாட்டிட்டோம். அவ கவனக்குறைவுன்னு எழுதியாச்சு. மில்லுன்னா அப்படித்தாம்மா."

அக்காவின் இடது கை என் தோளைப் பற்றியது. "அப்ப நான் பராக்குப் பாக்கலையாடி?" என்றாள். காது கேட்காதவள் குரல், கூடம் முழுக்க எதிரொலித்தது.

"இல்லக்கா. நீ பாக்கல. மூடியை எடுக்கவெச்சது அவன்தான்."

அவள் அழுதாள். முகம் மட்டும் சின்னப் பெண் முகம்போல் ஆகிவிட்டது. அப்போதே அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். வந்த காரியம் முடிந்துவிட்டது. ஆனால் எனக்குப் போதவில்லை. அவன் அவளைப் பார்க்க வேண்டும், பார்த்ததும் அந்த முகம் வெளிறுவதை நான் பார்க்க வேண்டும். பத்தொன்பது வருஷப் பசி அது. அக்காவின் கையில்லாத கையைப் பிடித்துத் தூக்கி, கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவன் நிமிர்ந்தான். அந்த மொட்டைக் கையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். வெளிறத்தான் செய்தான். கப்பை வைக்கப்போனவன் தட்டில் வைக்காமல் மேஜையில் கவிழ்த்தான். கண் குளிரப் பார்த்தேன். பிறகு அவன் பார்வை அக்காவின் கையைப் பிடித்திருந்த என் கைக்கு வந்தது, அங்கிருந்து என் முகத்துக்கு ஏறியது. டிசைனர் பெண்ணிடம் அவசர அவசரமாகச் சொன்னான்.

"என்னை மட்டும் சொல்லாதீங்க. அதோ பக்கத்துல நிக்கறாளே, கூடப் பொறந்தவ. அவளே சாட்சிக் கையெழுத்துப் போட்டா."

அக்காவின் கண்ணை மறைக்க என் கை எழுந்தது. அதற்குள் அவள் படித்துவிட்டாள்.

உள்ளே டிசைனர் பெண் எழுந்து, காப்பி வழிந்த மேஜையிலிருந்து தன் ஃபோனை எடுத்துக்கொண்டிருந்தாள். ஃபோனில் எல்லாம் ஏறியிருக்கும். இனி அவன் தப்ப முடியாது. அதை நினைத்துச் சந்தோஷப்படக்கூட எனக்கு நேரமில்லை. அக்கா தன் கையை என்னிடமிருந்து உருவிக்கொண்டாள்.

"அக்கா, வேலை போயிடும்னு சொன்னான்க்கா" என்றேன்.

அவள் மெஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சுற்றிப் போய் எதிரே நின்றேன். இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுபடி சுற்றினேன். மறுபடி திருப்பிக்கொண்டாள். "அக்கா!" என்று கத்தினேன். வரவேற்பு மேஜைப் பெண் திரும்பிப் பார்த்தாள், காவலாளி திரும்பிப் பார்த்தான், படம் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கயிற்றைத் தாண்டிக் குனிந்து, இடது கையால் முந்தானையைப் பிடித்து, மூடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை கண்ணைக் கையிலிருந்து எடுக்கவில்லை.