வாசலுக்கு அடங்காத படம்

“கொஞ்சம் சாய்ங்க. இன்னும் கொஞ்சம். ஐயோ, இடிக்குது, நிறுத்துங்க!”

அவள் சொல்லி முடிப்பதற்குள் படத்தின் மூலை கதவு நிலையில் முட்டி நின்றுவிட்டது. மறுமுனையைத் தாங்கிக்கொண்டிருந்தவர் அவள் கணவரின் ஓவியக் காலரியில் படம் மாட்டுகிறவர். படம் கோணாமல் நிற்கிறதா என்று பார்க்கிற ரசமட்டத்தைப் பையில் எந்நேரமும் போட்டுக்கொண்டு திரிந்ததில் அவருக்கு ரசமட்டம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“வெளிய வராதுக்கா. நிமிர்த்தினாலும் வராது, படுக்க வச்சாலும் வராது.”

“வந்துதானே ஆகணும்? இப்ப அவரைக் கொண்டு வந்துடுவாங்க. எங்க படுக்க வைக்கிறது, உங்க தலையிலயா?”

சொன்ன பிறகுதான் ரசமட்டத்தின் கண்கள் வீங்கியிருப்பதைக் கவனித்தாள். விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் அவள் கணவரின் உயிர் பிரிந்தபோது பக்கத்தில் இருந்தவர் அவர்தான். அவள் காபி வாங்கக் கீழே போயிருந்தாள்.

அந்தப் படம் இந்த ஹாலிலேயே வரையப்பட்டது. ஓவியருக்கு இடமில்லை என்றதும், “நம்ம ஹால் சும்மாதானே கிடக்கு” என்று கணவர் கூட்டி வந்துவிட்டார். சும்மா கிடந்ததாம்! அவள் உட்கார்ந்திருந்ததெல்லாம் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது. சட்டங்களைத் தனித்தனியாகக் கொண்டுவந்து இங்கேயே பூட்டி, துணியை இழுத்து அடித்து, மாதக்கணக்கில் வரைந்தார்கள். காலரியில் நூல் பிசகாமல் அளக்கிற மனிதர்களில் ஒருவருக்காவது சொந்த வாசலை அளக்கத் தோன்றவில்லை. கழற்றிச் சுருட்டலாமென்றால் சாயம் விரல் கனத்துக்கு ஏறியிருந்தது, வெடித்துவிடுமாம். அவள் கத்தும்போதெல்லாம் கணவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: “வாங்கறவன் சுவரை இடிச்சு எடுத்துட்டுப் போவான், விடு.”

காலரி வளர வளர வீடு தேய்ந்தது. பின்பக்கக் கார் ஷெட்டில் முதல் கண்காட்சி வைத்தபோது, வருகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டுமென்று சாப்பாட்டு மேஜை போனது. கடைத்தெருவுக்கு மாறியபோது, வாங்குகிறவர்கள் சாய்ந்து யோசிக்க சோபா போனது. பழைய கிடங்கைப் பிடித்து வெள்ளையடித்துப் பெரிய காலரி ஆக்கியபோது நாற்காலிகளும் விளக்குகளும் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. ஒரு நாள் கழுத்தில் சங்கிலி இருக்கிறதா என்று அவள் தொட்டுப் பார்த்துக்கொண்டது உண்டு. திரும்பி வந்ததெல்லாம் விற்காத படங்கள்தான். கடைசியில் அவரும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். வீடு அவருக்குத் தூங்குகிற இடம்.

கொழுந்தன் காதில் போனுடன் உள்ளே வந்தான். காலரியின் வியாபாரம் அவன் பொறுப்பு.

“அண்ணி, கோபப்படாம கேளுங்க. நேரா காலரிக்கே கொண்டு போயிடலாம். ஏசி இருக்கு, வண்டி நிறுத்த இடம் இருக்கு, உக்கார நாற்காலி இருக்கு.”

“இருக்காதா பின்னே? எல்லாம் என் நாற்காலிதானே?”

ரசமட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருமினாரா சிரித்தாரா தெரியவில்லை.

“சாயங்காலம் புதுக் கிளைத் திறப்பு வேற இருக்கு. தள்ளி வைக்கறதா, இல்ல அண்ணன் நினைவா நடத்திடறதான்னு...”

“நடத்து, இல்ல விடு. என்னை ஏன் கேக்கற? கிளை திறக்கறப்ப ஒரு தடவையாவது என்னைக் கேட்டிருக்கீங்களா? அவரு மட்டும் இங்க வரணும். இத்தனை வருஷம் அங்கதான கிடந்தாரு. இந்த ஒரு நாள் வீட்ல இருக்கட்டும்.”

கொழுந்தன் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

மற்ற படங்களையெல்லாம் படுக்கையறையில் திணித்தார்கள். பெரிய படத்தைச் சுவரோடு சாய்த்து நிறுத்தினார்கள். அதன் முன்னால் கட்டில் போட்டு, அவரைக் கிடத்தினார்கள்.

சனம் வரத் தொடங்கியது. செருப்பைக் கழற்றுவார்கள், உள்ளே வருவார்கள், கும்பிடுவார்கள். அடுத்த கணமே பார்வை மேலே ஏறிவிடும். சுவரை அடைத்துக்கொண்டு அத்தனை பெரிய நீலம் நின்றால் யார்தான் என்ன செய்வார்கள்? ஒருத்தி துக்கம் கேட்டபடியே இரண்டடி பின்னால் நகர்ந்து கண்ணைச் சுருக்கினாள். இன்னொருவர் போனை உயர்த்தினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பல் டாக்டர் வந்தார். ஷெட் காலத்திலிருந்தே படம் வாங்குகிறவர். கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய்யில்லை, நிஜமாகவே அழுதார். பிறகு கொழுந்தன் பக்கம் குனிந்தார்.

“இதை நான் பார்த்ததே இல்லையே. யாருக்காவது பேசி வச்சிருக்கா?”

“இல்லைங்க சார்,” என்றான் கொழுந்தன். குரல் அவனை அறியாமலே காலரிக் குரலாகிவிட்டது. “அண்ணன் இதை வெளிய காட்டினதே இல்ல. வெளிச்சம் மட்டும் சரியா இருந்தா...”

அவள் எழுந்தாள்.

“ரசமட்டம், அந்தப் பக்கம் பிடிங்க. இதைத் திருப்பணும்.”

“அண்ணி, இப்பப் போய் என்ன... சாயம் சுவர்ல உரசிடும்!”

“உரசட்டும்.”

“எவ்வளவு பெரிய வேலைன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்டா. இதைச் சுத்திச் சுத்தித்தான் நான் வீடு பெருக்கறேன். பிடிக்கறியா, நானே இழுக்கட்டுமா?”

ரசமட்டம் இரண்டு தலையணைகளை எடுத்து வந்து சுவரோரம் வைத்தார். கொழுந்தன் ஒரு பக்கத்தைப் பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. கட்டிலைச் சற்று இழுத்து, மூச்சு வாங்கத் திருப்பினார்கள். நீலம் சுவருக்குள் போய்விட்டது. வெறும் பழுப்புத் துணியும் குறுக்குக் கட்டைகளும் தெரிந்தன.

பல் டாக்டர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். வெறும் சுவர்கள், ஒரு ஜன்னல். வேறு வழியின்றிக் கீழே பார்த்தார். “இளைச்சுட்டாரே,” என்றார் மெதுவாக. “எப்ப இவ்வளவு இளைச்சாரு?”

அறையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கட்டிலில் கிடந்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

கொழுந்தனின் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. கட்டிலோரம் வந்து குனிந்து, அண்ணனின் சட்டைக் காலரை ஒரு பக்கம் இழுத்துவிட்டான். பிறகு மறுபக்கம். பிறகு கை அங்கேயே நின்றுவிட்டது.

தரையில் உட்கார்ந்திருந்த அவள் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.