மதகில்லாத குளம்

மலைகளுக்கு நடுவில் கிடந்த அந்தக் குளத்தைக் கண்டதும் எல்லோரும் "சுப்ஹானல்லாஹ்" என்றார்கள். முகைதீன்பாவா மட்டும் மதகைத் தேடினார். நற்பிட்டிமுனை வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டே நரைத்துப்போன வட்டவிதானை அவர். மதகுமில்லை, வாய்க்காலுமில்லை. இவ்வளவு தண்ணீர் ஒரு வேலையும் செய்யாமல் அழகாகக் கிடக்கிறதென்றால் ஏதோ விசயம் இருக்கிறது.

அதைவிடப் பெரிய சந்தேகம் மருமகன் றுமைஸ் மேல். இஸ்கூல் மாஸ்டர். மகள் றஸ்னாவைக் கலியாணம் முடித்து வீட்டோடு வந்தவன், மாமாவைக் கல்முனைச் சந்தைக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை. இப்போது வேன் பிடித்து, மாமாவின் தலையில் கம்பளிக் குல்லாவும் வாங்கிப் போட்டு, "குளத்தச் சுத்திப் பாதை இரிக்கி மாமா, நடப்பமா?" என்கிறான். வரம்பை வெட்டித் தண்ணீர் களவெடுத்தவன்தான் விடிந்ததும் முதல் ஆளாக வந்து சலாம் சொல்லிப் பிளேன்டீ வாங்கித் தருவான். வட்டவிதானைக்கு இது தெரியாதா?

பைன் மரங்களுக்குள் பாதை ஏறியது. மனைவி பாத்தும்மாவும் றஸ்னாவும் முன்னால் குசுகுசுத்துக்கொண்டு போனார்கள். அவர் கிட்டப்போனால் கதை உடனே அட்டைக்கடிக்கு மாறியது.

வளைவு திரும்பியதும் தகரக்கூரை போட்ட சின்ன வீடொன்று பூட்டிக் கிடந்தது. பாத்தும்மா நின்று பார்த்தாள்.

"அடுப்படி எந்தப் பக்கம்?"

"பின்னுக்கு, மாமி" என்றான் றுமைஸ்.

முகைதீன்பாவா அப்படியே நின்றார்.

"மருமகன், பூட்டிக்கிடக்கிற ஊட்டுட அடுப்படி உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

றுமைஸ் தன் குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்தான்.

"எனக்கு இஞ்சத்த இஸ்கூலுக்கு மாற்றம் வந்திரிக்கி மாமா. இது குவாட்டர்ஸ்."

"நான் அப்பவே நினச்சன்! என்ட புள்ளயக் களவாக் கொண்டுபோகப் பாக்கிறீங்க!"

"அவ வரமாட்டன் எண்டுட்டா மாமா. நீங்க சொன்னாத்தான் கேப்பா. அதுக்குத்தான் உங்களக் கூட்டி வந்த."

அவர்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. வந்தவன் எங்கே போனாலும் பெண் வீட்டை விட்டு அசைவதில்லை. கொண்டுபோகிறவனோடு சண்டைபிடிக்க முகைதீன்பாவாவிடம் வார்த்தை தயாராக இருந்தது. போகமாட்டேன் என்கிற மகளுக்குச் சொல்லத்தான் ஒன்றுமில்லை.

"ஏன்கா மகள்?" என்றார்.

"நான் போனா வாப்பா தனிச்சிப் போவீங்க" என்றாள் றஸ்னா. கண் கலங்கியிருந்தது.

"தனிச்சா? அப்ப நான் ஆரு, வயல் வெருளியா?" என்றாள் பாத்தும்மா.

முகைதீன்பாவாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு முன்னமே உள்ளுக்குள் ஒரு சந்தோசம் துள்ளியிருந்தது. மகள் எங்கும் போகமாட்டாள்! அந்தத் துள்ளலை அவரே கையும் மெய்யுமாகப் பிடித்தார். மருமகன் இங்கே குளிரில் தனியாகச் சோறாக்க, மகள் அங்கே வாப்பாவுக்குக் காவலிருக்க வேண்டுமாம். இவ்வளவு தூரம் ஏறிவந்து தேடிய கள்ளன் அவர் தலையிலிருந்த இந்தக் குல்லாவுக்குள்ளேதான் இருந்திருக்கிறான்.

யன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே பார்த்தார்.

"அடுப்படிக்கு வெளிச்சம் பத்தா. இவ வாறதுக்கு முந்தி நல்ல லைட்டொண்டு போடுங்க, மருமகன்."

"வாப்பா..."

"என்ன வாப்பா? லீவுக்கு நானும் உம்மாவும் வருவம். அட்டைக்கு மருந்து வாங்கி வைங்க."

றுமைஸின் முகம் மலர்ந்தது. உடனே அவருக்குத் திரும்பவும் சந்தேகம்.

"திறப்பும் சேப்புக்குள்ளதான் இரிக்கிபோல?"

றுமைஸ் தலையைச் சொறிந்துகொண்டே சட்டைப் பையிலிருந்து பூட்டின் திறப்பை எடுத்தான்.