கொடிக்கம்பத்தின் தெற்கு நிழல்

கொடிக்கம்பத்தின் நிழல் தெற்கே விழுந்திருந்தது. அது அங்கே விழக் கூடாது.

பிரித்திகா கம்பத்தை ஒருமுறை சுற்றி வந்தாள். கையிலிருந்த புதையல் வேட்டைச் சீட்டை மறுபடியும் படித்தாள். "நண்பகலில் கொடிக்கம்பத்தின் நிழல் காட்டும் திசை வடக்கு. அந்தத் திசையில் நேராகப் போ. முதலில் எதிர்ப்படும் இடத்தில் தேடு." சீட்டில் குழப்பம் ஒன்றும் இல்லை. நிழலிலும் இல்லை. ஒரு முழம்கூட இல்லாத குட்டை நிழல்தான், ஆனால் சிமென்ட் தரையில் கரியால் கிழித்ததுபோல் பளிச்சென்று கிடந்தது. அதன் நுனி குளியலறைகள் இருந்த பக்கத்தைக் காட்டியது.

குளியலறைப் பக்கம் தெற்கு என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். மே மாத விடுமுறையில் பலமனேரில் இந்தத் திருச்சபை முகாமுக்கு வந்ததிலிருந்து தினமும் காலை ஜெபத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் இந்த முற்றத்தில்தான் கிழக்கு பார்த்து உட்கார்ந்தார்கள். கண்ணை மூடினாலும் சூரியன் இமைக்குள் வந்து குத்தும். இடது கைப் பக்கம் மாமரம். வலது கைப் பக்கம் குளியலறை. அப்படியானால் வடக்கு மாமரம்தான். ஆனால் சீட்டோ நிழலைப் பார் என்கிறது. நிழல் குளியலறை என்கிறது.

"இன்னா பாத்துக்கினே கீற? மாமரத்தாண்ட வா, போலாம்!" நிழற்கூரையின் கீழிருந்து தீனா கத்தினான். சித்தூர்ப் பையன். அவளைவிட ஒரு வயது பெரியவன். அவர்கள் இருந்த யோர்தான் அணிக்குத் தலைவி அவள்தான் என்று சீட்டுக் குலுக்கலில் வந்ததிலிருந்தே அவனுக்கு முகம் சரியில்லை.

"நெழலப் பாத்துதான் போவணும்னு எழுதிகீது. நெழலு அந்தாண்ட காட்டுது."

"பாத்ரூமாண்ட எவனாச்சும் புதையல் வைப்பானா?"

"அது வச்சவங்கள கேளு. நான் சீட்டுல இருக்கறததான் செய்வேன்."

தலைவி சொன்னால் அணி போக வேண்டும். போனார்கள். துணி துவைக்கும் கல்லைப் புரட்டினார்கள். சோப்புத் தண்ணீர் தேங்கிய சேற்றைக் குச்சியால் கிளறினார்கள். அதற்குள் மாமரத்தடியில் கூச்சல் எழுந்தது. மற்ற மூன்று அணிகளும் தகரப் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டன. அவர்களில் ஒருவர்கூட நிழலைப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. புதையல் என்றால் மரத்தடியில்தான் இருக்கும் என்று நேராக ஓடியிருக்கிறார்கள்.

சண்டை முற்றி எல்லோரும் கம்பத்தடிக்கு வந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. நிழல் கிழக்கே திரும்பியிருந்தது.

"எங்க கீது உன் தெக்கு நெழலு?" என்றான் தீனா. "ஸண்டே ஸ்கூல்ல சொன்னாங்களே, ஒரு ராஜாவுக்கோசரம் நெழலு பின்னாடி போச்சின்னு? இப்ப பிரித்திகாவுக்கோசரம் போயிட்டு வந்துகீது!"

அணியே சிரித்தது. பிரித்திகாவின் தம்பி யஸ்வந்த் மட்டும் சிரிக்கவில்லை. எட்டு வயது. சின்னப் பிள்ளைகள் வகுப்பிலிருந்து வேடிக்கை பார்க்க ஓடி வந்திருந்தான்.

புதையல் வேட்டையை அமைத்தவர் தனசேகர் அண்ணன். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. வருடத்தில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு முகாமுக்கு வருவார். எதையும் சோதித்துப் பார்க்காமல் பிள்ளைகளிடம் கொடுக்க மாட்டார். அவர் பிரித்திகாவைத் தனியாக அழைத்தார்.

"இங்க பாரும்மா. ஜனவரியில நானே வந்து, இதே கம்பத்துகிட்ட நின்னு பாத்துதான் அந்தச் சீட்டை எழுதினேன். நெழலு வடக்கதான் விழுந்துச்சு. கேம்ப் புக்குலயும் அப்படித்தான் போட்டிருக்கு. அவசரத்துல பாக்காம போயிட்ட. அது தப்பில்ல. பாத்தேன்னு சொல்றதுதான் தப்பு."

"நான் பாத்தேண்ணா."

அவர் பெருமூச்சு விட்டார். கோபப்பட்டிருந்தாலாவது தேவலை.

செய்தி பிரேமலதா அக்காவிடம் போயிற்று. முகாமை நடத்துபவர் அவர். அந்த வாரத்தின் தலைப்பு 'உண்மை பேசு' என்பது. மேடைக்குப் பின்னால் வண்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். அக்கா அவள் தோளில் கை வைத்து, "நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் எழுந்து சாட்சி சொல்ற நேரத்துல, உன் டீமுகிட்ட ஒரு ஸாரி கேட்டுடு கண்ணு. முடிஞ்சிபோச்சு. யாரும் அப்புறம் அதப் பத்தி பேச மாட்டாங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்பதா? அதுவும் அந்த எழுத்துகளுக்கு முன்னால் நின்று? நாளைக்கு நண்பகலில் கம்பத்தடியில் நின்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டால் போதும் என்று பிரித்திகா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் நண்பகலில் சூரியனே இல்லை. பலமனேர் மேட்டு நிலம். கோடையிலும் திடீரென்று மேகம் சூழ்ந்துகொள்ளும். வானம் அலுமினியத் தட்டுபோல் மங்கிக் கிடந்தது. கம்பம் நின்றது. நிழல் மட்டும் எந்தப் பக்கமும் இல்லை.

சாயங்காலம் அவள் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். எழுந்து நின்றாள். முன்வரிசையில் தீனா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான்.

"நாம தோத்துட்டோம். அதுக்கு எனக்கும் கஷ்டமா கீது," என்றாள். பிறகு பிரேமலதா அக்காவைப் பார்த்தாள். "ஆனா நெழலு தெக்கால விழுந்தத நான் பாத்தேன்க்கா. பாக்கலன்னு சொன்னா அதுதான் பொய்யி. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க. அப்பவும் இல்லன்னா, நீங்க இன்னா சொல்லச் சொல்றீங்களோ சொல்றேன். லீடரா வேற யாரையாச்சும் போட்டுக்கங்க."

கூட்டம் சலசலத்தது. அக்கா தனசேகரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

வெள்ளிக்கிழமை வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. காலைப் பாடம் முடிந்து இடைவேளை விட்டதும் பிரித்திகா சாக்பீஸோடு கம்பத்தடிக்கு ஓடினாள். நிழல் நீளமாக மேற்கே கிடந்தது. நுனியில் ஒரு புள்ளி வைத்தாள். நண்பகலில் மட்டும் பார்த்தால் மறுபடியும் யாராவது ஏதாவது சொல்வார்கள். நிழல் எங்கிருந்து எங்கே போகிறது என்று முழுப் பயணத்தையும் தரையில் எழுதிவைத்துவிட்டால் யாரும் சிரிக்க முடியாது. நிழல் எவ்வளவு குறுகுகிறது என்று பார்ப்பதற்காக, கைவேலை வகுப்பில் மிஞ்சிய கம்பளி நூலைக் கம்பத்தின் அடியில் கட்டி, புள்ளி வரைக்கும் இழுத்துப் பிடித்து, அதே நீளத்தில் கம்பத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். யஸ்வந்த் நூலைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா, கோலம் போடறியா?" என்றபடி வந்தான் தீனா.

"ஆமா. நீ வந்து புள்ளி வையி."

அவன் போய்விட்டான். ஆனால் அடுத்த இடைவேளையில் திரும்பி வந்தான். வட்டத்துக்குள் புள்ளிகள் வரிசையாக உள்ளே நகர்ந்துகொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பக்கத்தில் குந்திக்கொண்டான்.

நண்பகலில் எல்லோரும் வந்தார்கள். பிள்ளைகள் வட்டத்துக்கு வெளியே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். தனசேகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டுத் தரையையே பார்க்கத் தொடங்கினார். நிழல் குறுகிக்கொண்டே வந்தது. இனிக் குறுகாது என்ற இடத்தில், ஒரு முழத்துக்கும் குறைவாக, குளியலறைப் பக்கம் கைகாட்டிக்கொண்டு நின்றது. பிரித்திகா அதன் நுனியில் ஒரு புள்ளி வைத்தாள்.

"ஏ, நெசமாவே பாத்ரூமாண்டதான் காட்டுது!" என்று குப்பம் ஊரிலிருந்து வந்த பையன் ஒருவன் கத்தினான்.

தனசேகர் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து தரையில் வைத்தார். தெற்கு. பிறகு கம்பத்தின் மறுபக்கம் போய்க் காலால் தூசியைத் தள்ளினார். வட்டத்துக்கும் அப்பால், மாமரத்தை நோக்கிய பக்கத்தில், வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பொட்டு இருந்தது. இத்தனை நாளும் எல்லோரும் அதை வாலிபால் கோட்டில் மிஞ்சியது என்றே நினைத்திருந்தார்கள்.

"இது நான் வச்சது," என்றார். "ஜனவரியில, நெழலு ரொம்பக் குட்டையா ஆன நேரம் பாத்து அதோட நுனியில வச்சேன். நானும் பொய் சொல்லல பிரித்திகா."

கம்பத்துக்கு வடக்கே அவருடைய பொட்டு. தெற்கே அவளுடைய புள்ளி. பிரித்திகா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் சொல்வதும் நிஜம், அவள் சொல்வதும் நிஜம் என்றால், நிழல் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும். வழியில் கம்பம் நிற்கிறது. அப்படியானால் நடுவில் ஒருநாள் நிழல் கம்பத்தின் காலடியிலேயே...

"அக்கா," என்று யஸ்வந்த் அவள் பாவாடையை இழுத்தான். "ஸ்கூல் லீவு உட்டப்ப நாம தண்ணி லாரிக்கு நின்னுக்கினு இருந்தோமே. நான் என் நெழலக் காணோம்னு சொன்னேன். நீ வெயில்ல மூள காஞ்சிபோச்சான்னு கேட்டே."

அவளுக்கு நினைவு வந்தது. அவர்கள் ஊரான சத்தியவேட்டில் ஏப்ரல் மாதக் கடைசி வாரம். வரிசையில் வைத்திருந்த குடங்களுக்கும் அன்றைக்கு நிழல் இல்லை. குடத்தின் அடியிலேயே ஒளிந்துகொண்டிருந்தது. அவள் பார்த்தாள். ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். சூரியன் வருடம் முழுவதும் ஒரே பாதையில் போவதில்லை. ஜனவரியில் நண்பகலில் அது நம் தலைக்குத் தெற்கே சாய்ந்து போகிறது. அதனால் நிழல் வடக்கே, நீளமாக விழுகிறது. பிறகு பாதை நாளுக்கு நாள் வடக்கே நகர்கிறது. ஏப்ரல் கடைசியில் சித்தூர்ப் பக்கத்து ஊர்களில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வந்துவிடும். நேராக நிற்கும் கம்பத்துக்கு அன்று நிழலே தெரியாது. அதற்குப் பிறகும் அது நிற்பதில்லை. உச்சியைத் தாண்டி வடக்கே போகிறது. ஆகஸ்ட் நடுவில் திரும்பி வரும்வரை நம் நண்பகல் நிழல் தெற்கேதான் விழும். முகாம் கையேடு வெளிநாட்டு முகாம் ஒன்றுக்கு எழுதியதைத் தமிழாக்கியது. அந்த நாடு வடக்கே மிகத் தொலைவில் இருக்கிறது. அங்கே சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வராது. அங்கிருப்பவர் 'எப்போதும் வடக்கு' என்று எழுதினால் அவருக்கு அது உண்மை. பலமனேரில் அது வருடத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமே உண்மை.

"அப்ப ஸாரி யாரு கேக்கணும்?" என்றார் பிரேமலதா அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"சூரியன்தான்," என்றான் யஸ்வந்த்.

சிரிப்பு அடங்கியதும் தீனா தொண்டையைச் செருமினான். "அதெல்லாம் சரி. நாளைக்கு அம்மா, நைனால்லாம் வராங்களே. அவங்களுக்கும் இதே சீட்டுதான குடுக்கப்போறோம்? நெழலு மாசத்துக்கு ஒரு பேச்சு பேசுதுன்னா, அத வச்சி எப்டி வடக்கு கண்டுபுடிக்கிறது? நம்ம பாத்ரூம் கூட்டத்துல அவங்களும் சேரணுமா?"

'நம்ம' என்று அவன் சொன்னதைப் பிரித்திகா கவனித்தாள். "யோசிக்கணும்," என்று சொல்லிவிட்டுத் தனசேகர் சாப்பிடப் போனார்.

பிரித்திகாவும் தீனாவும் புள்ளி வைப்பதை நிறுத்தவில்லை. பிற்பகலில் நிழல் கிழக்கே திரும்பி மெல்ல நீள ஆரம்பித்தது. உள்ளே வந்தது போலவே வெளியே போயிற்று. தேநீர் வருவதற்கு முன்பே அதன் நுனி காலையில் போட்ட வட்டத்தை மறுபக்கத்தில் தொட்டது.

"அதே நீளம்," என்றாள் பிரித்திகா.

"அதே வட்டம்தான. நீளம் எப்டி மாறும்?"

"அதில்லடா. காலைல இந்த நீளம் இருந்தப்ப சூரியன் கெழக்கால எவ்ளோ ஒயரத்துல இருந்துச்சோ, இப்ப மேக்கால அதே ஒயரத்துல கீது. ரெண்டும் சமம். அப்ப ரெண்டு புள்ளிக்கும் நடுவுல கோடு போட்டா, அது நேரா கெழக்கு மேக்கா இருக்கணுமில்ல?"

போட்டார்கள். காலைப் புள்ளியிலிருந்து பிற்பகல் புள்ளிக்கு நூலை இழுத்துப் பிடித்து, தீனா சாக்பீஸால் கிழித்தான். பிரித்திகா அந்தக் கோட்டின் நடுவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கம்பத்தின் அடி வழியாக நூலை நேரே நீட்டினாள். நூல் நண்பகல் புள்ளியைத் தொட்டுக்கொண்டு, கம்பத்தைத் தாண்டி, தனசேகரின் வெள்ளைப் பொட்டின்மேல் போய் நின்றது. அதற்கப்பால் மாமரம்.

"அண்ணா!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

தனசேகர் தேநீர்த் தம்ளரோடு ஓடி வந்தார். திசைகாட்டியைக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தார். நூலை அவரே ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பழைய சீட்டை எடுத்துக் கிழித்தார். வெற்றுச் சீட்டு ஒன்றையும் பேனாவையும் பிரித்திகாவிடம் நீட்டினார்.

"நீ எழுது, லீடர்," என்றான் தீனா. "நான் தெலுங்குல எழுதறேன்."

அவள் எழுதினாள்:

"காலையில் கொடிக்கம்ப நிழலின் நுனியில் ஒரு புள்ளி வையுங்கள். கம்பத்தின் அடியில் நூலைக் கட்டி, புள்ளி வரை இழுத்து, அதே நீளத்தில் ஒரு வட்டம் போடுங்கள். நிழல் குறுகி வட்டத்துக்குள் போகும். பிற்பகலில் நீண்டு மறுபடியும் வட்டத்தைத் தொடும். தொடும் இடத்தில் இரண்டாவது புள்ளி வையுங்கள். இரண்டையும் கோட்டால் சேருங்கள். முதல் புள்ளி மேற்கு, இரண்டாவது கிழக்கு. மேற்கு இடது கையிலும் கிழக்கு வலது கையிலும் இருக்கும்படி நில்லுங்கள். உங்கள் முகம் பார்ப்பது வடக்கு. எந்த மாதமானாலும்."