புளிக் குடோனில் தொடங்கிய கல்லூரி

மலையடிவாரத்தில் பல்கலைக்கழகம் நடத்தும் கலைக் கல்லூரியில், அது தொடங்கிய நாளன்று ஆண்டுதோறும் ஒருவர் மேடையேறி அதன் வரலாற்றைச் சொல்ல வேண்டும். போன ஆண்டு அருணகிரி சொன்னான். இந்த ஆண்டும் அவனையே சொல்லச் சொல்லிவிட்டார் முதல்வர் சக்கரவர்த்தி. ஜவ்வாது மலையிலிருந்து வந்து அங்கே பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். இப்போது அங்கேயே வரலாற்றுத் துறையில் டியூட்டர்.

மனைவி பாஞ்சாலிக்குக் கல்லூரியின் பெயரே வேடிக்கை.

"கலைக் காலேஜா? தேன்கூட்டக் கலைக்கிற மாதிரி அங்க இன்னாத்தக் கலைப்பாங்க?"

"மனுசங்களத்தான்" என்பான். இருவரும் சிரிப்பார்கள்.

அவன் விடுதியில் தங்கியிருந்தான். அவள் மலையில், அப்பா தீர்த்தகிரியின் வீட்டில். போன ஆண்டு தொடக்க நாளன்று காலை, மலைப் பேருந்தின் கண்டக்டர் உஸ்மான் விடுதி வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"சார், வூட்டம்மாவுக்கு ஜொரம் அதிகமாம். தீர்த்தகிரி கவுண்டர் ஒங்கள ஒடனே வரச் சொன்னாரு."

மாலையில் துணைவேந்தர் வருவதாக இருந்தது. ஒரு நாள்தானே என்று தோன்றியது. இருந்து மேடையில் பேசினான். மறுநாள் மலையேறியபோது பாஞ்சாலியை வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

"சேதி இன்னிக்குத்தான் கெடச்சுது மாமா" என்றான்.

யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. வந்தது அப்படியே நின்றுவிட்டது.

தீர்த்தகிரி நேரே உஸ்மானிடம் போய்ச் சண்டை போட்டார். உஸ்மான் அருணகிரியை ஒரு பார்வை பார்த்தார், வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து தீர்த்தகிரி அந்த வண்டியில் ஏறுவதில்லை. அடிவாரத்துக்குக் காட்டுவழியே நடந்துதான் வருவார்.

இன்று விழாவுக்கும் நடந்தே வந்தார். மலையின் முதல் பட்டதாரியின் குடும்பத்துக்குப் பொன்னாடை போடுவதென்று முதல்வர் ஆள் அனுப்பியிருந்தார். வெளுத்த வேட்டி, காலெல்லாம் செம்மண். முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அருணகிரி பேசினான். வாணியம்பாடித் தோல் வியாபாரி நசருல்லா கொடுத்த புளிக் குடோனில் கல்லூரி தொடங்கியது. முதல் ஆசிரியர்கள் புளி வாசனையில் பாடம் நடத்தினார்கள். பிழைக்க மட்டுமல்ல, யோசிக்கவும் கற்றுத்தர வந்தது இந்தக் கல்லூரி. மலைப் புளி இறங்கிய இடத்தில் மலைப் பிள்ளைகள் ஏற வேண்டும். ஏறியவர்கள் மலையை மறக்கக் கூடாது. போன ஆண்டின் அதே சொற்கள். எங்கும் தடுமாறவில்லை. கைதட்டினார்கள்.

பிறகு சக்கரவர்த்தி தீர்த்தகிரியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். அவர் தோளை அணைத்தபடியே மைக்கைப் பிடித்தார்.

"நம் வரலாற்றில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். போன ஆண்டு இதே நாள் காலை, மனைவிக்கு முடியவில்லை என்று அருணகிரிக்குச் செய்தி வந்தது. போய் வாருங்கள் என்று நானே சொன்னேன். பேசிவிட்டே போகிறேன் ஐயா என்றார். கல்லூரி முதலில், வீடு பிறகு! இதுவல்லவா அர்ப்பணிப்பு!"

முன்னைவிடப் பலத்த கைதட்டல். தீர்த்தகிரி கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார்.

விழா முடிந்ததும் அவர் காட்டுவழிப் பக்கம் திரும்பவில்லை. பேருந்து நிலையத்துக்கு நடந்தார். அருணகிரி பின்னாலேயே போனான்.

மலை வண்டியின் படியில் உட்கார்ந்து உஸ்மான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கவுண்டரே, வழி தவறிட்டீங்களா? இது நம்ம வண்டி."

"தெரிஞ்சுதான் வந்தேன் பாய்."

தீர்த்தகிரி பொன்னாடையை உருவி, உஸ்மானின் காக்கிச் சட்டைமேல் போர்த்தினார்.

"ஒரு வருசமா ஒன்ன வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். மனசுல வெச்சுக்காத."

உஸ்மான் எழுந்து நின்றார். "அட, இன்னாத்துக்கு இதெல்லாம்? ஏறுங்க, ஏறுங்க."

தீர்த்தகிரி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அருணகிரி படியில் கால் வைத்தான்.

"நீங்க இருங்க மாப்ள" என்றார் தீர்த்தகிரி. குரலில் கோபமே இல்லை. "ஒங்களுக்கு இங்க வேல கீது."

அருணகிரி காலை எடுத்துக்கொண்டான். உஸ்மான் பொன்னாடையோடே விசில் ஊதினார்.